ஜோடி ராம் மாட்டுவது: டெஸ்க்டாப்புக்கு மெமரி கூட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் அச்சகம், ஸ்டுடியோ, ரைஸ் மில் அலுவலகம், வீடு என்று எங்கே பார்த்தாலும் ஐந்தாறு வருடம் ஓடிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் இன்னும் சில வருடம் ஓட்டுவதற்கு ராம் கூட்டுவது நல்ல வழி. ஆனால் கிடைத்த ஸ்டிக்கைக் கிடைத்த ஸ்லாட்டில் சொருகினால் கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்தான். ஒரே மாதிரியான இரண்டு ஸ்டிக்கை ஒன்றாக வாங்கி, சரியான ஸ்லாட்டில் மாட்டி, சோதித்துவிட்டு வேலைக்கு விடவேண்டும். அதில் வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை.

சிஸ்டம் மெதுவாக இருக்கிறது. ராம் போதவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். வேலை நடக்கும்போது 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை. 50, 60 சதவீதத்தில் நின்றுகொண்டு டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டினால், சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அந்த நிலையில் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்; ராமில் காசைப் போட்டால் வித்தியாசமே தெரியாது.

இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இது நடந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும்.

ஜோடி ராம் என்றால் என்ன? 16 ஜிபி ஸ்டிக் ஒன்று போட்டால் போதாதா?

பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே சாதாரண டெஸ்க்டாப்பில் இரண்டு பாதைகள் உண்டு. இவற்றை சேனல் என்கிறோம். ஒவ்வொரு சேனலும் 64 பிட் அகலம். ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். இன்னொன்று சும்மா கிடக்கும். டிடிஆர்4 (ராமின் ஒரு தலைமுறை) 3200 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கொடுக்கும். அதே வேகத்தில் இரண்டை இரண்டு சேனலிலும் போட்டால் 51.2 ஜிபி.

இந்த இரட்டிப்பு எல்லா வேலையிலும் தெரியாது. டேலியில் பில் போடுபவருக்கும் வேர்டில் கடிதம் அடிப்பவருக்கும் 16 ஒன்றாக இருந்தாலும், எட்டு எட்டாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில்தான் நன்றாகத் தெரியும். ரைசன் 5600ஜி போன்ற பிராசசர்கள், இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் எல்லாம் தனக்கென்று மெமரி இல்லாமல் சிஸ்டம் ராமையே கடன் வாங்குகின்றன. அங்கே ஒற்றை ஸ்டிக் போடுவது கிராபிக்ஸின் கழுத்தை நெரிப்பது போல. விளையாட்டு, வீடியோ எடிட்டிங், பெரிய படங்களைத் திறப்பது எல்லாம் அடிபடும்.

இப்போது 8 ஜிபி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வேறு கம்பெனி 8 ஜிபி ஒன்றைப் போடலாமா?

போடலாம், பெரும்பாலும் ஓடும். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு ஸ்டிக்கும் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும் என்பதால், போர்டு (மதர்போர்டு) இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கும் டைமிங்குக்கும் இறங்கி வரும். 3200 ஸ்டிக்கோடு 2400 ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் 2400. அதுகூடப் பரவாயில்லை. சில ஜோடிகள் விண்டோஸ் வரை வந்து, மூன்று மணி நேரம் வேலை பார்த்த பிறகு நீலத்திரை காட்டும். அந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தினசரி கணக்கு ஓடும் சிஸ்டத்தில் அந்த வம்பு வேண்டாம்.

எங்கள் கருத்து இதுதான்: இருக்கும் ஸ்டிக்கின் பார்ட் நம்பரே கடையில் கிடைத்தால் இன்னொன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பழையதைக் கழற்றிவிட்டு ஒரே பெட்டியில் வரும் இரண்டு ஸ்டிக் கிட் வாங்குங்கள். கிட்டில் வரும் இரண்டையும் கம்பெனியே சேர்த்துச் சோதித்துத் தருகிறது.

அளவே வேறாக இருந்தால், உதாரணமாக 8 ஜிபியும் 4 ஜிபியும் என்றால், இன்டெல் போர்டுகள் ஃபிளெக்ஸ் முறையில் ஓட்டும். எட்டிலிருந்து 4, நாலிலிருந்து 4 என்று 8 ஜிபி வரை இரட்டைச் சேனல். மீதி 4 ஜிபி ஒற்றைச் சேனல். தற்காலிகத்துக்குச் சரி.

என் சிஸ்டத்தில் இருப்பது டிடிஆர்3-ஆ, 4-ஆ, 5-ஆ?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வகை தெரியும். எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ஸ்டிக்கின் கம்பெனி, பார்ட் நம்பர், ராங்க் (சேர்ந்து இயங்கும் சிப்புக் குழு) எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் சொல்வதைவிட அது மேல்.

சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால் ஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்கலாம். டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட், பின் வரிசையின் அடி விளிம்பு நடுவில் லேசாகப் புடைத்து இருக்கும். டிடிஆர்5-க்கும் 288 பின்தான், 1.1 வோல்ட், அடியில் உள்ள வெட்டு நடுப்பக்கம் நெருங்கியிருக்கும். வெட்டு இடம் மாறுவதால் ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வகை தவறு.

டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. நான்காம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் இரண்டும் போகும். ஆறாம் தலைமுறைக்காக வந்த டிடிஆர்3 போர்டு சிலவற்றில் எல் வகை மட்டுமே போடவேண்டும். வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் சாதாரண டிடிஆர்3-ம் உட்கார்ந்துவிடும் என்பதால் இங்கே கவனம் தேவை.

பிராண்டட் கம்பெனிகளின் மிகச் சிறிய பெட்டிகள், உள்ளங்கையில் தூக்கக்கூடிய மைக்ரோ, மினி வகைகள், ஆல்-இன்-ஒன்கள் டெஸ்க்டாப் என்று பெயர் பெற்றாலும் பெரும்பாலும் லேப்டாப் ராம்தான் கேட்கும்.

ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் லேபிளை எப்படிப் படிப்பது?

பிராண்டட் சிஸ்டங்களோடு வரும் ஸ்டிக்குகளில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யூஏ2" என்கிற மாதிரி ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். முதலில் அளவு. 1ஆர் என்றால் சிப்புகள் ஒரே ராங்க்காக அடுக்கப்பட்டவை, 2ஆர் என்றால் இரண்டு ராங்க். அடுத்த 8 அல்லது 16, ஒவ்வொரு சிப்பும் எத்தனை பிட் அகலம் என்பது. பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். அதற்குப் பின் வரும் எழுத்துகளில் யூ என்றால் சாதாரண டெஸ்க்டாப் ராம், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர்.

தனியாகக் கடையில் விற்பவற்றில் கம்பெனியின் சொந்த எண் இருக்கும். கிங்ஸ்டனின் கேவிஆர்26என்19எஸ்8/8 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: 2666 வேகம், சிஎல் 19 (தாமதத்தைக் குறிக்கும் எண்), ஒரு ராங்க், 8 பிட் சிப்பு, 8 ஜிபி. கேவிஆர்26என்19எஸ்6/8 என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் 8 ஜிபி, 2666, சிஎல் 19, அதே கம்பெனி. ஆனால் 16 பிட் சிப்பு. எட்டு சிப்புக்குப் பதில் நான்குதான் இருக்கும், வேகமும் சற்றுக் குறைவு. "ரெண்டும் கிங்ஸ்டன் எட்டு ஜிபிதான்" என்று கடையில் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது ஜோடி இல்லை. கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள்.

சிஎல் எண்ணைத் தனியாகப் பார்த்து ஏமாறவேண்டாம். சிஎல்-ஐ 2000 ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 3200 சிஎல் 16 என்றால் 10. 3200 சிஎல் 22 என்றால் 13.75. 2666 சிஎல் 19 என்றால் 14.25.

என் போர்டு எவ்வளவு ராம் தாங்கும்?

போர்டின் பெயரும் மாடலும் போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சிபியு-இசட்டின் மெயின்போர்டு பக்கத்திலும் வரும். அந்த மாடலின் பக்கத்தை கம்பெனி தளத்தில் பார்ப்பதே சரியான வழி. பொதுவாக எச்61, எச்81 போர்டுகள் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி, டிடிஆர்3. எச்110-ல் 32 ஜிபி. எச்410, எச்510-ல் 64 ஜிபி. எச்610-ல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு என்பதால் பெயரை மட்டும் வைத்து வாங்கக் கூடாது.

32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண். பழைய அச்சக சிஸ்டங்களில் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்காக 32 பிட் விண்டோஸ் 7-ஐயே வைத்திருப்பார்கள். 64 பிட்டுக்கு மாறினால் அந்த மென்பொருளும் கீபோர்டு டிரைவரும் ஓடுமா என்று பார்த்துவிட்டுப் பிறகு ராம் வாங்குங்கள்.

8, 16, 32: எனக்கு எது?

டேலி, பிரவுசர், பிரிண்ட் அவுட் என்று இருக்கும் கடைக்கு 8 ஜிபி, அதாவது நான்கு நான்காக இரண்டு, போதும். புதிதாக வாங்குவதென்றால் எட்டு எட்டாக 16 வாங்குவதே புத்திசாலித்தனம். விண்டோஸ் 11-ம் பத்துப் பதினைந்து பிரவுசர் டேபும் சேர்ந்தாலே 8 ஜிபி திணறும்.

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12-க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ என்றால் 3600-க்கு 10800 பிக்சல். ஏறத்தாழ 3.89 கோடி பிக்சல். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஷீட் முழுக்க நிறைந்த ஒரு லேயர் 8 பிட்டில் சுமார் 111 எம்பி. அப்படி 20 லேயர் என்றால் 2.2 ஜிபி. 16 பிட்டுக்குப் போனால் இரட்டிப்பு. இது ஒரே ஷீட். அன்டூ ஹிஸ்டரி, பக்கத்தில் திறந்திருக்கும் நாலு ஷீட், கேமரா ரா ஃபைல்கள் எல்லாம் தனி. போட்டோஷாப் தனக்கென்று ராமில் சுமார் 70 சதவீதம் எடுத்துக்கொள்ளும்படிதான் வருகிறது. ஆகவே ஸ்டுடியோவுக்கு 16 என்பது குறைந்தபட்சம், பதினாறு பதினாறாக 32 நிம்மதி. 4கே வீடியோ எடிட்டிங்குக்கும் 32.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

மூன்று விஷயம். இரண்டு ஸ்டிக் கிட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் ஒற்றை ஸ்டிக்குகளே அதிகம் ஓடும். கிட் இல்லையென்றால் இரண்டு ஒற்றை ஸ்டிக்கை வாங்கி, பார்ட் நம்பரும் தயாரித்த வாரமும் ஒன்றா என்று கவரைப் பிரிக்காமலே பாருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு நாள் பொறுத்தால் மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். அவசரப்பட்டு ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வாங்காதீர்கள்.

அடுத்து, போர்டு ஏற்கவில்லை என்றால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மூன்றாவது ஜிஎஸ்டி பில். ராமுக்குப் பல கம்பெனிகள் லிமிடெட் லைஃப்டைம் வாரண்டி தருகின்றன, சில 3, 5, 10 வருடம் என்று தருகின்றன. பில்லும் ஸ்டிக்கின் மேல் ஒட்டிய லேபிளும் இருந்தால்தான் அது செல்லும். லேபிளை உரிக்கவே கூடாது. 2025 பிற்பாதியில் ஏறத் தொடங்கிய விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், வாங்கும் அன்றைக்கு இரண்டு கடையில் விசாரித்துவிடுங்கள்.

பையன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். அங்கிருந்து வாங்கி வரச் சொல்லலாமா?

செட்டிநாட்டில் பாதி வீட்டில் இந்தக் கேள்வி வரும். சிம் லிம் ஸ்கொயர் போன்ற இடங்களில் கிட்டாக, நல்ல வகைகள் கிடைக்கும். ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு கட்டுப்பட்டது. பழுதானால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சேராத ஸ்டிக் வந்தால் மாற்றவும் முடியாது. சிபியு-இசட் படத்தையும் போர்டு மாடலையும் வாட்ஸாப்பில் அனுப்பி, போர்டு கம்பெனியின் ஆதரவுப் பட்டியலில் உள்ள பார்ட் நம்பரைக் குறிப்பிட்டு, அதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் காரைக்குடியிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் பாதி விலைக்கு ராம் வருகிறதே?

இரண்டு வகையில் ஏமாறுவார்கள். ஒன்று, கழித்துக் கட்டிய சர்வர் ராம். டிடிஆர்4 சர்வர் ஸ்டிக் உங்கள் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சிஸ்டம் ஆன் ஆகாது. லேபிளில் ஆர் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் டிடிஆர்3 ஸ்டிக். 4 பிட் சிப்புகளை 16 அடுக்கிச் செய்தது. இன்டெல் போர்டு ஏற்காது. பழைய ஜி41 போர்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: பக்கத்துக்கு எட்டாக 16 சிப்பு உள்ள பழைய மாதிரி 4 ஜிபிதான் அதில் ஓடும், எட்டே சிப்பில் 4 ஜிபி தரும் புதியது ஓடாது.

மாட்டுவதற்கு முன் மின்சாரத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் யுபிஎஸ்ஸை அணைப்பது போதாது. கேபினட்டின் பின்னாலிருந்தே கேபிளை எடுக்கவேண்டும். பிறகு பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையில்) தேங்கியிருப்பது வடியும். போர்டில் எரியும் சின்ன விளக்கு அணைந்ததும் தொடங்கலாம்.

பழைய வீடுகளில் எர்த் விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். பட்டாலையில் பல வருடம் முந்தைய வயரிங்கில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், ஆனால் எர்த் வயர் பின்னால் எங்கும் போகாது. அந்த நிலையில் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கேபினட்டைத் தொங்க விடுவதால், எர்த் இல்லாவிட்டால் 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பொதுவாக ஆபத்தில்லை, ராமுக்கும் போர்டின் போர்ட்டுகளுக்கும் ஆபத்து. கேபிளை எடுத்துவிட்டு வேலை பார்த்தால் இந்தப் பிரச்சினை இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி செய்வது நீண்ட காலத்துக்கு நல்லது.

நிலைமின்சாரத்துக்கு, ஸ்டிக்கைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. கார்பெட் விரித்த ஏசி அறையில், பாலியெஸ்டர் சட்டையோடு வேலை பார்த்தால்தான் கவனம் கூட வேண்டும்.

கேபினட்டுக்குள் தூசி அடைந்து கிடக்கிறது. அப்படியே மாட்டலாமா?

கூடாது. ஸ்லாட்டுக்குள் தூசி இருக்கும்போது ஸ்டிக்கை அழுத்தினால் தூசி பின்னுக்கும் தங்கப் பட்டைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். புதுவயல் ரைஸ் மில் அலுவலகங்களில் உமித்தூசி மெல்லிய பஞ்சாகப் படிந்திருக்கும். ரோட்டோரக் கடைகளில் செம்புழுதி. வெளியே, முற்றத்துக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். ஸ்லாட்டை ஊத வாயைப் பயன்படுத்தாதீர்கள். எச்சில் ஈரம் பின்னில் படியும். பெயின்ட் பிரஷ் புதியது, மெல்லிய முடி கொண்டது இருந்தால் போதும்.

பழைய ஸ்டிக்கின் தங்கப் பட்டை மங்கியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். வெள்ளை மென்மையான ரப்பராக இருந்து, லேசாகத் தேய்த்து, துகள் முழுவதையும் துடைத்துவிட்டால் பாதகமில்லை. எமரித் தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். தங்கம் மிக மெல்லிய பூச்சுதான், ஒரே தேய்ப்பில் போய்விடும்.

எந்த ஸ்லாட்டில், எப்படி மாட்டுவது?

இரண்டே ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்துவிடும், ஜோடியாக வாங்கியதற்கே பலன் இல்லை. கலர் ஒரே மாதிரி இருக்கும் ஸ்லாட்டுகளை ஜோடியாகக் கொள்ளலாம் என்று சொல்வார்கள். சில போர்டுகளில் அது மாறும் என்பதால் மேனுவலே சாட்சி.

கேபினட்டை மேசையில் படுக்க வையுங்கள். நிற்கும் கேபினட்டில் மாட்டினால் போர்டு வளையும். ஸ்லாட்டின் கிளிப்பைத் திறங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும். ஸ்டிக்கின் இரு ஓரத்தைப் பிடித்து, பட்டையில் விரல் படாமல், வெட்டு ஸ்லாட்டின் மேட்டுக்கு நேராக வரும்படி வையுங்கள். இரு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் சமமாக நேரே கீழே அழுத்துங்கள். கிளிப் தானாக மேலே வந்து "டக்" என்று பூட்டவேண்டும். கிளிப்பைக் கையால் தள்ளிப் பூட்டினால் ஸ்டிக் உட்கார்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். முதல் முறை செய்பவர்கள் பயந்துகொண்டு பாதியில் விடுவார்கள். "ராம் மாட்டினேன், டிஸ்ப்ளே வரவில்லை" என்பதில் பெரும்பாலானது இதுதான். பக்கத்திலிருந்து பார்த்தால் தங்கப் பட்டை இரு முனையிலும் ஒரே அளவு மறைந்திருக்க வேண்டும்.

பெரிய கூலர் ஸ்லாட்டை மறைத்தால் கூலரைக் கழற்றித்தான் மாட்டவேண்டும். மறுபடி வைக்கும்போது தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடவேண்டும்.

மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லை. என்ன செய்வது?

உடனே பதற வேண்டாம். டிடிஆர்5 சிஸ்டம், குறிப்பாக ஏஎம்5 (ஏஎம்டியின் சாக்கெட் வகை) போர்டுகள், புது ராமைப் பார்த்ததும் டைமிங்கைப் பழகிக்கொள்ள 5 முதல் 10 நிமிடம் வரை கருந்திரையாகவே இருக்கும். நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பொறுங்கள்.

டிடிஆர்3, டிடிஆர்4 என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. போர்டில் டிராம் என்ற பெயருக்குப் பக்கத்து விளக்கு எரிகிறதா பாருங்கள். பீப் சத்தம் கேட்கலாம், ஆனால் அசெம்பிள்ட் கேபினட் பலவற்றில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே இருக்காது. கேபிளைப் பிடுங்கி இந்த வரிசையில் போங்கள்: இரண்டு ஸ்டிக்கையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். வரவில்லையா, ஒன்றை மட்டும் ஏ2-வில் வையுங்கள். பிறகு இன்னொன்றை அதே ஏ2-வில். ஒன்று ஓடி ஒன்று ஓடாவிட்டால் ஓடாத ஸ்டிக் பழுது, கடைக்குத் திருப்புங்கள். இரண்டுமே ஓடவில்லை என்றால் பழைய ஸ்டிக்கை வைத்துப் பாருங்கள். அது ஓடினால் போர்டு புதியதை ஏற்கவில்லை.

அப்போது பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) ரீசெட் ஒரு முறை செய்யலாம். கேபிள் எடுத்த நிலையில் போர்டின் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி மாறிப்போகிற சிஸ்டமாக இருந்தால் அந்த பேட்டரியையும் புதிதாகவே போடுங்கள். கடைசி வழி, பழைய ராமோடு பயாஸ் அப்டேட். யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போகும்.

16 ஜிபி போட்டேன், 8-தான் காட்டுகிறது.

பயாஸிலேயே எட்டுதானா, விண்டோஸில் மட்டும்தானா என்று பாருங்கள். பயாஸில் 16 காட்டி விண்டோஸில் குறைந்தால் 32 பிட்டாக இருக்கலாம், அல்லது எம்எஸ்கான்ஃபிக்கில் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் மேக்ஸிமம் மெமரி டிக் விழுந்திருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு சில நூறு எம்பி முதல் 2 ஜிபி வரை இருப்பது உள் கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது, அது இயல்பு.

பயாஸிலேயே எட்டு என்றால் ஒரு சேனல் எழவில்லை. இரண்டு ஸ்டிக்கும் ஏ2-வில் தனித்தனியாக ஓடி, பி ஸ்லாட்டில் எதுவுமே ஓடவில்லையா? ராமில் குறை இல்லை. பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம், கூலரை ஒரு பக்கம் அதிகம் இறுக்கியிருக்கலாம். கூலர் திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். பின் வளைவை நிமிர்த்துவது நல்ல பூதக்கண்ணாடியும் கைப்பழக்கமும் உள்ளவர் வேலை.

3200 வாங்கினேன், 2666-தான் ஓடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. எச்110, எச்310, பி360, எச்410 போர்டுகளில் பிராசசருக்கு இன்டெல் சொன்ன வேகத்துக்கு மேல் ராம் ஓடாது. ஐ3-8100-க்கு 2400. ஐ5-8400, ஐ3-10100, ஐ5-10400 மூன்றுக்கும் 2666. ஸ்டிக் வேகமாக இருந்தாலும் கீழே இறங்கி ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை.

வேகத்தை அனுமதிக்கும் போர்டாக இருந்தால் பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை (ஸ்டிக்கை அதன் லேபிள் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யவேண்டும், ஏஎம்5-ல் எக்ஸ்போ. அதை ஆன் செய்யாமல் பல பேர் வருடக்கணக்கில் 3600 ராமை 2133-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிடிஆர்4-ல் எக்ஸ்எம்பி போட்டால் வோல்ட் வழக்கமாக 1.35 ஆகும். அது கம்பெனி சொன்னதுதான். சிபியு-இசட்டில் 1600 என்று பாதி எண் காட்டினாலும் கவலை வேண்டாம், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரட்டைச் சேனலில்தான் ஓடுகிறதா என்று எங்கே பார்ப்பது?

டாஸ்க் மேனேஜர் இதைச் சொல்லாது. சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் டூயல் என்றோ 2 × 64 பிட் என்றோ இருக்கவேண்டும். டிடிஆர்5-ல் ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்திருப்பதால் 4 × 32 பிட் என்று வரும், அதுவும் சரியே.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பலாமா?

டிடிஆர்4-ல் நிரப்பலாம், வேகம் சற்று இறங்கலாம். டிடிஆர்5-ல் தவிர்ப்பது நல்லது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு ஸ்டிக்கில் 3600. 32 வேண்டுமென்றால் பதினாறு பதினாறாக இரண்டு வாங்குங்கள், எட்டு எட்டாக நான்கு வேண்டாம்.

ஓடுகிறது. சோதனை வேறு தேவையா?

கட்டாயம் தேவை. ராமில் ஒரு பிட் தப்பினாலும் சிஸ்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சேமிக்கிற ஃபைலில் தப்பு எழுதும். கணக்கு டேட்டாவோ ஆல்பம் ஃபைலோ கெட்டதைக் கண்டுபிடிக்கப் பல வாரம் ஆகலாம்.

மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓட்டும். ராம் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும் என்பதால் கடை அடைக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். எக்ஸ்எம்பி போட்டிருந்தால் போட்ட நிலையிலேயே சோதிக்கவேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஸ்டிக்கை ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டது எது என்று பிரித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். கிட்டாக வாங்கியிருந்தால் வாரண்டிக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வருவது ஜோடி சேராது.

இந்தச் சோதனையை மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கழற்றிய பழைய ஸ்டிக்கை என்ன செய்வது?

சோதனை முடியும் வரை கொடுத்துவிடாதீர்கள். புது ஸ்டிக் வந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே அளவு, வேகம், எந்த சிஸ்டத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். ஒரு நாள் டிஸ்ப்ளே வராமல் நிற்கும்போது, பழுது ராமிலா போர்டிலா என்று பார்க்க ஓடுவதாகத் தெரிந்த ஸ்டிக் ஒன்று கையில் இருந்தால் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை மிச்சம். விற்பதாக இருந்தால் அதையும் மெம்டெஸ்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு விற்றுவிடுங்கள்.